கல்லுக்கு எட்டணா

சென்னை
12.8.1979

அன்புள்ள மலர்க்கொடிக்கு,

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். கோபித்துக்கொள். ஆனால் முழுவதையும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

எம்.எஸ்ஸி. நிலவியல் வகுப்பில் நாங்கள் பதினெட்டுப் பேர். விடுதியில் எனக்குப் பதினான்காம் நம்பர் அறை. கூட இருப்பவன் லூர்துராஜ், ஏலாக்குறிச்சிக்காரன், வாத்தியார் வீட்டுப் பையன். நம் பக்கத்துப் பேச்சைப் பேச ஒரு ஆளாவது இருக்கிறான்.

பண விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்க உதவித்தொகை தைக்கு முன்னால் வராது என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். அதுவரை சாப்பாட்டுக்கு மாதம் தொண்ணூறு ரூபாயை நாங்களே கட்ட வேண்டும். பணம் கட்டாதவன் பெயரைப் பலகையில் எழுதி, சாப்பாட்டுக் கூடத்து வாசலிலேயே மாட்டிவிடுகிறார்கள். அதனால் இங்கே ஒவ்வொருவனும் ஒவ்வொரு தொழில் செய்கிறான். ஒருவன் தாவரவியல் பையன்களுக்கு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுக்கிறான், படத்துக்கு நாலணா. லூர்துராஜ் மாம்பலத்தில் ஒரு சேட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறான். இன்னொருவன் அச்சாபீசில் புரூஃப் பார்க்கிறான். என் கையெழுத்து உனக்குத் தெரியும், படம் அதைவிட மோசம்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் வகுப்பில் ஒவ்வொருவனும் பரீட்சைக்கு இருபத்தைந்து கல் சேகரித்துக் காட்ட வேண்டும். நம் ஓடையில் நீ மிதித்துக்கொண்டு போகிறாயே, நத்தை மாதிரிச் சுருண்டது, துப்பாக்கித் தோட்டா மாதிரிக் கூரானது, அவைதான். எந்தக் காலத்திலோ கடலில் இருந்த பிராணிகள் கல்லாகிப் போனவையாம், இங்கே அவற்றுக்கு வாய்க்குள் நுழையாத பெயர்கள் இருக்கின்றன. நல்ல கல் ஒன்றுக்கு மூன்று ரூபாய் கொடுக்கப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள். ஜிப்சம் பொறுக்கும்போது கண்ணில் பட்டதை எடுத்து வை. ஒவ்வொரு கல்லோடும் எந்த இடத்தில் எடுத்தது என்று ஒரு சீட்டு எழுதிச் சுற்ற வேண்டும். இடம் தெரியாத கல்லுக்கு இங்கே மரியாதை கிடையாது. அரியலூர் ஸ்டேஷனில் ரயில் பார்சல் போட்டுவிடு.

கார்டில் எழுதாதே, இன்லண்டில் எழுது. கார்டை மேஜையில் போட்டுவிடுவார்கள், எல்லோரும் படிப்பார்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

இராமலிங்கம்


காரை
26.8.1979

மாமாவுக்கு மலர்க்கொடி எழுதுவது.

கோபித்துக்கொள்ளச் சொன்னீர்கள், கோபித்துக்கொண்டேன். அரை நாள் இருந்தது. அதற்குள் வேலைக்குப் போக நேரமாகிவிட்டது.

உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "ஏண்டி, கல்லு வெலைக்குப் போவுதா? மெட்ராசுல கல்லுக்கு அம்புட்டுப் பஞ்சமா?" என்றது அத்தை. அப்படியென்றால் நம் தெருவே பணக்காரத் தெருதான் என்று சொல்லிச் சிரித்தோம்.

நாற்பத்திரண்டு கல் அனுப்பியிருக்கிறேன். வைக்கோல் வைத்துச் சாக்கில் கட்டியிருக்கிறேன். சீட்டு எல்லாம் நானே எழுதினேன். 'காரை ஓடை, ஒற்றைப் பனைக்கு வடக்கே நாற்பது நடை, மஞ்சள் மண், முழங்கால் ஆழம்' என்று இருக்கும். நடை என்றால் என் நடை. உங்கள் காலுக்கு முப்பதுதான் வரும், சாரிடம் சொல்லிவிடுங்கள். எட்டாவதோடு நிறுத்திய பிறகு இவ்வளவு எழுதியது இப்போதுதான். கை வலித்தது, ஆனால் பிடித்திருந்தது.

ஜிப்சம் காண்டிராக்டர் கருப்பண்ணன் இரண்டு தடவை கத்தினார். "கூடைக்குப் பதினஞ்சு பைசா குடுக்கறது நத்தை பொறுக்கறதுக்கா?" என்றார். கல்லைத் தேடிய நாட்களில் ஐந்தாறு கூடை குறைந்துபோனது. பரவாயில்லை.

அரியலூர் போகக் கொளக்காநத்தத்தில் பஸ் ஏறினேன். கண்டக்டர் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, கல்லையா கட்டிக்கிட்டு வந்திருக்க?" என்றார். "ஆமாங்க, கல்லுதான்" என்றேன். நம்பவில்லை. பிரித்துக் காட்டினேன். பஸ்ஸே சிரித்தது. லக்கேஜ் அறுபது பைசா வாங்கிவிட்டார்.

ராத்திரி பட்டினியாகப் படுக்காதீர்கள். விற்ற பணத்தில் முதலில் சாப்பாட்டுக்குக் கட்டுங்கள்.

உங்கள் மலர்க்கொடி


சென்னை
21.10.1979

அன்புள்ள மலர்க்கொடிக்கு,

முதல் மூட்டையும் வந்தது, புரட்டாசியில் அனுப்பிய இரண்டாவது மூட்டையும் வந்தது. சீட்டுகளைப் பார்த்து எங்கள் சாரே ஆச்சரியப்பட்டார். "யார்ப்பா எழுதினது? நம்ம பசங்ககூட இவ்வளவு சுத்தமா இடம் குறிக்கறதில்லையே" என்றார். எல்லாம் விற்றுப்போயிற்று.

பணம் என்ன ஆயிற்று என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். இரண்டு மாதச் சாப்பாட்டுப் பாக்கி கட்டினேன். புத்தகம் இரண்டு வாங்கினேன். ஒரு கான்வாஸ் ஷூ. பெல்பாட்டம் பேண்ட் ஒன்று தைத்தேன், தையல் கூலியே பதினெட்டு ரூபாய் வாங்கிவிட்டான். கேட்டால் சிரிப்பாய், ஆனால் வகுப்பில் வேட்டியை வெட்டித் தைத்த பேண்டோடு நான் ஒருவன்தான் இருந்தேன். பையன்கள் என்னை மூன்று தடவை ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். நான் ஒரு தடவையாவது அழைக்காமல் இருக்க முடியுமா? ஒன்பது பேர், மசால் தோசையும் காப்பியும். அம்மாவுக்கு இருபது ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். டிசம்பர் பதினான்கு, பதினைந்து தேதிகளில் எங்கள் வகுப்பு முழுவதும் சாரோடு நம் பக்கம் வருகிறது. பெரம்பலூரில் தங்கி, நம் ஓடையைப் பார்க்கப் போகிறோம். படிப்புச் சுற்றுலா. அந்த இரண்டு நாளும் நீ ஓடைப் பக்கம் வர வேண்டாம். கூட்டம், வெயில், கண்டபடி கேள்வி கேட்பார்கள். எனக்கும் வீட்டுக்கு வர நேரம் இருக்குமா தெரியவில்லை. சார் ரொம்பக் கண்டிப்பு. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

இராமலிங்கம்


காரை
4.11.1979

மாமாவுக்கு மலர்க்கொடி எழுதுவது.

இருபது ரூபாய் வந்தது. அத்தை கைநாட்டு வைத்து வாங்கியது. தபால்காரருக்குக் கால் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அடம் பிடித்துக் கொடுத்தது. "புள்ள சம்பாத்தியம்" என்று தெருவில் இரண்டு பேரிடம் காட்டிவிட்டுத்தான் முடிந்தது.

பேண்ட் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ பிடித்து அனுப்புங்கள். சிரிக்க மாட்டேன்.

நீங்கள் வருகிறீர்கள் என்று படித்ததும் முதலில் எண்ணியது கோழிகளை. நாலு இருக்கின்றன. பதினெட்டுப் பேருக்கும் சாருக்கும் போதுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே அடுத்த வரிக்கு வந்தேன். அங்கே வர வேண்டாம் என்று இருந்தது. அந்த வரியை அத்தைக்குப் படிக்கவில்லை. அத்தைக்கு நீங்கள் வருகிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் சொன்னால் சரி. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் தேதி கருப்பண்ணனுக்கு லாரி வருகிறது. அன்றைக்கு வராதவர்களுக்கு அந்த வாரக் கூலி இல்லை என்று சொல்லிவிட்டார். நான் தெற்குக் கோடியில் இருப்பேன். நீங்கள் எல்லோரும் வடக்கே பனைமரத்துப் பக்கம்தானே வருவீர்கள். அங்கிருந்து பார்த்தால் நான் தெரியவே மாட்டேன்.

ஐந்து நிமிடமாவது வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சாரிடம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மலர்க்கொடி


சென்னை
23.12.1979

மலர்க்கொடி,

வர வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். இருந்தாலும் நடந்தது நடந்துவிட்டது, அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் ஒரு வாரமாக இருந்தேன். முடியவில்லை.

சார் கேட்டபோது நீ ஏன் எட்டணா என்று சொன்னாய்? பையன்களிடம் நான் கல் பொறுக்க ஆள் வைத்திருப்பதாகவும், கல்லுக்கு ஒரு ரூபாய் கூலி தருவதாகவும் சொல்லியிருந்தேன். ரயில் சார்ஜ், கூலி எல்லாம் போகத்தான் மூன்று ரூபாய் என்று சொல்லியிருந்தேன். நீ எட்டணா என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது எனக்கு விடுதியில் பெயர் 'கமிஷன் மண்டி'. ஏழைப் பெண்ணின் வயிற்றில் அடித்தவன் என்கிறார்கள். யாரும் கல் வாங்குவதில்லை. வாங்கிய இருவர் பாதிப் பணத்தைத் திரும்பக் கேட்கிறார்கள். என் பெயர் பலகையில் ஏறிவிட்டது.

ஒரு ரூபாய் என்று சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

இராமலிங்கம்


சென்னை
6.1.1980

மலர்க்கொடி,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? அம்மா எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு வர ரயில் சார்ஜ் இல்லை. ஒரு வரியாவது எழுது. கார்டாக இருந்தாலும் பரவாயில்லை.

இராமலிங்கம்


காரை
20.1.1980

மாமாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. நான் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை என்று எழுத நினைத்தேன். கோபத்தால்தான்.

எட்டணா என்று ஏன் சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

அன்றைக்கு நான் உங்கள் பக்கமே வரவில்லை. தெற்குக் கோடியில் கூடையோடு இருந்தேன். நீங்கள்தான் எல்லோரும் ஓடையோடு இறங்கி வந்துவிட்டீர்கள். தொப்பி போட்ட அத்தனை பேரில் உங்களை நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். என் கூடை ஓரத்தில் ஐந்தாறு கல் இருந்தது, சீட்டுச் சுற்றியது. உங்களுக்காக எடுத்து வைத்தவை. சார் அதில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். "இந்தக் கையெழுத்த நான் பாத்திருக்கேனே. இராமலிங்கம் கல்லு பொறுக்க வெச்சிருக்கற ஆளு நீதானாம்மா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். நீங்கள் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பத்தடி தூரம்கூட இல்லை. நீங்கள் அங்கே என்னை யாரென்று சொல்லி வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில், என்னோடு ஜிப்சம் பொறுக்கும் பூமாலை நின்றிருந்தது. உங்களை இடுப்பில் தூக்கிச் சுமந்த பூமாலை. "ஏய், இது நம்ம..." என்று வாயைத் திறந்தது. நான் அதன் காலை ஓங்கி மிதித்தேன். மூன்று நாள் நொண்டியது, பாவம்.

பிறகு சாரிடம், "ஆமாங்க, கூலிக்குத்தான் பொறுக்கறேன்" என்றேன்.

கல்லுக்கு எவ்வளவு தருகிறான் என்று கேட்டார். நீங்கள் எனக்கு ஒன்றும் தந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கூலி என்று சொல்லிவிட்ட பிறகு ஒரு தொகை சொல்லித்தானே ஆக வேண்டும்? கூடைக்கே பதினைந்து பைசா வாங்குகிறவள் நான். கல்லுக்கு நாலணா என்று வாய்வரை வந்தது. நாலணா என்றால் உங்களைக் கஞ்சன் என்று நினைப்பார்களே என்று இரட்டிப்பாக்கி எட்டணா என்றேன். உங்களுக்காகக் கூட்டிச் சொன்னேன் மாமா. அது உங்களுக்குக் குறைவாகப் போய்விட்டது.

சார் நல்லவர். என் பெயரைக் கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "டீ சாப்பிடும்மா" என்று இரண்டு ரூபாய் கொடுத்தார். வாங்காவிட்டால் சந்தேகப்படுவார் என்று வாங்கிக்கொண்டேன். சாயங்காலமே மண்ணெண்ணெய் வாங்கிவிட்டேன். அதை வீட்டில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை.

அத்தை இரண்டு நாளும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கோழி ஒன்றை அடித்துக் குழம்பு வைத்து மூடி வைத்திருந்தது. "ஓடை வரைக்கும் வந்துட்டு எம்புள்ள வூட்டுக்கு வராமப் போயிட்டானா?" என்று கேட்டது. "சார் விடலையாம் அத்தை" என்றேன். அந்தக் குழம்பை நான்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதேன். காரம் என்று சொன்னேன்.

உங்கள் டிசம்பர் கடிதத்தை அத்தை படித்துக் காட்டச் சொன்னபோது, இல்லாததை எல்லாம் சேர்த்துப் படித்தேன். மலர்க்கொடியை நன்றாகச் சாப்பிடச் சொல் என்று நீங்கள் எழுதியிருப்பதாகப் படித்தேன்.

நான் உங்களுக்கு யார் என்று கேட்டு இதை எழுதவில்லை. அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு நான் யார் என்று மட்டும் எழுதுங்கள். கூலியாள்தான் என்றால் கணக்கை முடித்துவிடுங்கள். இதுவரை அனுப்பியது நூற்றுப் பத்துக் கல். எட்டணா வீதம் ஐம்பத்தைந்து ரூபாய். கழுத்தில் கிடப்பதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மலர்க்கொடி


சென்னை
10.2.1980

அன்புள்ள மலர்க்கொடிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வகுப்பில் உட்கார்ந்தால் அது இருப்பது தெரிகிறது.

உதவித்தொகை வந்துவிட்டது. சாப்பாட்டுப் பாக்கியைப் பிடித்துக்கொண்டு நூற்றுப்பத்து ரூபாய் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கே தபாலாபீஸ் போய் மணியார்டர் ஃபாரம் வாங்கினேன். ஐம்பத்தைந்து ரூபாய் என்று எழுதினேன். பெறுபவர் பெயரில் உன் பெயரை எழுதும்போது கை நின்றுவிட்டது. அனுப்பினால் நீ கூலியாள் என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன். நியாயம் என்று சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரம் செய்யாற்றுப் பக்கத்துப் பையன் ஒருவன் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்னான். அன்றிலிருந்து அவன் பெயர் 'மாமனார்'. பட்டிக்காட்டான்கள்தான் மீசை முளைப்பதற்குள் தாலி கட்டுவார்கள் என்று பேசினார்கள். மறுநாள் என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். அவ்வளவுதான் நடந்தது. அந்த 'இல்லை'யைக் காப்பாற்ற இன்னும் நூறு பொய் சொல்ல வேண்டியிருந்தது. சீட்டில் இருப்பது பெண் கையெழுத்து போல இருக்கிறதே என்று கேட்டபோதுதான் கூலியாள் என்று வந்தது.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கல் விற்பதற்கு முன்னால், ஜூலையில், ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்தேன். ஒரு பாட்டிலுக்கு இருபத்தைந்து ரூபாயும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும். ஜனவரியில் மறுபடியும் கொடுத்தேன். எங்கள் விடுதியில் பாதிப் பேர் கொடுக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. பசியைச் சொல்லக்கூட வெட்கப்படுகிற இடம் இது. அதே நான் அந்த அக்டோபர் மாதம் ஒன்பது பேருக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். நீ கூடை குறைந்து வாங்கிய கூலியில் நாலு நாள் சாப்பாடு அது. 

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று, ஓடையில் பார்த்தது என் மனைவி, மாமன் மகள், கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது என்று சொன்னேன். யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லூர்துராஜ் மட்டும் கேட்டான், "அப்ப அந்தப் பொண்ணு சார்கிட்ட ரெண்டு ரூவா வாங்கறப்ப நீ பாத்துக்கிட்டா நின்ன?" என்று. ஆமாம் என்றேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டான். அறைக்கு வந்தும் இரண்டு நாள் பேசவில்லை.

சாரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஏப்ரலில் அவர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு இரண்டு பேரைச் சிபாரிசு செய்யப்போகிறார். மாதம் நானூறு ரூபாய். நம் கஷ்டமெல்லாம் தீர்ந்துவிடும், உன்னையும் அம்மாவையும் இங்கேயே அழைத்துக்கொள்வேன். இந்த நேரத்தில் போய், மனைவியைக் கூலியாள் என்று சொன்னவன் நான் என்று அவரிடம் சொன்னால் என்ன நினைப்பார்? அது முடிந்ததும் நிச்சயம் சொல்லிவிடுகிறேன். இரண்டே மாதம் பொறுத்துக்கொள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தகுதி இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் இராமலிங்கம்


காரை
24.2.1980

மாமாவுக்கு மலர்க்கொடி எழுதுவது.

இரத்தம் கொடுத்ததைப் படித்தேன். எனக்கு ஏன் எழுதவில்லை? கூடைக்குப் பதினைந்து பைசாவானாலும் சோறு போடுகிற கை எனக்கு இருக்கிறது. உங்களுக்குப் பசி என்று தெரிந்திருந்தால் அந்தக் கோழிகளையாவது அரியலூர்ச் சந்தையில் விற்றிருப்பேன். இனிமேல் கொடுக்காதீர்கள். அத்தை மேல் ஆணை.

ஒன்பது பேருக்குத் தோசை வாங்கிக் கொடுத்ததற்கு நான் கோபப்படவில்லை. மூன்று தடவை சாப்பிட்டவன் ஒரு தடவை போடத்தான் வேண்டும். அது மானம். அந்த மானத்தில் எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம்.

சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்று சொன்னீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மூன்று தடவை படித்தேன், பொய் சொல்லவில்லை. அந்த வரியை அத்தைக்குக்கூடப் படித்துக் காட்டிவிட்டேன். அத்தைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எதுக்குடி எந்திரிச்சு நின்னு சொல்றான்? ஊருக்கே தெரிஞ்சதுதான?" என்று கேட்டது. அன்றைக்குத்தான் ஓடையில் நடந்ததை அதனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது. அப்புறம் வந்து என் தலையைத் தடவியது. உங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

உங்கள் நண்பர் கேட்டது சரியான கேள்வி. நான் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போனால் அவர் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

ஆனால் மாமா, நான் இல்லாத இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். நான் நின்ற இடத்தில், எனக்கு இரண்டு ரூபாய் கொடுத்தவரிடம், இன்னும் சொல்லவில்லை. ஏப்ரல் ஆகட்டும் என்கிறீர்கள். ஏப்ரலில் நானூறு ரூபாய் கிடைத்துவிட்டால் அதைக் காப்பாற்ற இன்னொரு ஏப்ரல் வேண்டும். எனக்குப் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானூறு ரூபாயை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கூலியாளாக இருந்து, வேலை கிடைத்த பிறகு பெண்டாட்டியாக ஆக எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஒரு சேதி. போன வாரம் உங்கள் சாரிடமிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. என் பெயருக்கு வந்த முதல் கார்டு. தபால்காரர் செல்லமுத்து தெருவில் நின்று சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். காலேஜ் அலமாரியில் வைக்க நாற்பது கல் வேண்டுமாம். சீட்டு நான்தான் எழுத வேண்டுமாம். கல்லுக்கு இரண்டு ரூபாய் தருகிறாராம். 'இராமலிங்கம் மூலமாக வேண்டாம், நேரடியாக உனக்கே பணம் வரட்டும்' என்று எழுதியிருக்கிறார். உங்களிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறாராம். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாற்பதும் பொறுக்கியாகிவிட்டது. பார்சல் போடப் போவதில்லை. நானே கொண்டுவருகிறேன். டிக்கெட்டுக்குக் கருப்பண்ணனிடம் கூலி வாங்கிவிட்டேன். துணைக்குப் பூமாலை வருகிறது. மார்ச் மூன்றாம் தேதி திங்கட்கிழமை காலை அரியலூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவோம். அங்கே பூமாலையின் தங்கை வீட்டில் இருந்துவிட்டு, மறுநாள் பத்து மணிக்குக் காலேஜுக்கு வந்துவிடுவோம். சாருக்கும் கார்டு எழுதிவிட்டேன்.

நீங்களும் அந்த நேரத்தில் அங்கே இருப்பீர்கள் என்று தெரியும். என்னைப் பார்த்ததும் சார் உங்களைக் காட்டி, இவனிடம்தானே கூலிக்கு இருந்தாய், இவன் உனக்கு வேறு ஏதாவது பாக்கி வைத்திருக்கிறானா என்று கேட்டாலும் கேட்பார். எனக்காகக் கேட்பார். அவர் குணம் அப்படி.

போன தடவை உங்களுக்காக நான் பதில் சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன், அதனால்தான் இவ்வளவும். இந்தத் தடவை நான் வாயைத் திறக்க மாட்டேன். பூமாலையின் காலையும் மிதிக்க மாட்டேன், ஆனால் அதனிடமும் பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கல் கூடையை இறக்கி வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சார் கேட்டதற்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பேன். எனக்கு வெயிலில் நின்று பழக்கம்தான்.

மலர்க்கொடி